சுவாமியின் வேட்டை வில்லுக்கு ஓர் அம்புத் தாங்கி

வால்தம்ஸ்டோ கடையில் என் பழைய ஸ்டூலில் இப்போது யார் உட்காருகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும், அதன் பின்கால் ஒன்று ஆடும், சாய்ந்து உட்காராதீர்கள். நான் அதைத் திருத்தாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. கடைக்கு வந்து மணிக்கணக்காக அளக்கிற வாடிக்கையாளரை அதில்தான் உட்கார வைப்பேன். சீக்கிரம் எழும்பிவிடுவார்.

கடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள் என்று முதலாளி தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வில்லும் அம்பும் விற்கிற கடையில் இவ்வளவு காலமும் தமிழுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன். "அவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்றார். நாண் ஏற்றுவது எப்படி, அம்பு வெட்டுவது எப்படி என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதற்கு வீடியோ இருக்கிறது. வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது என்பதற்குத்தான் வீடியோ இல்லை. அதை எழுதுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் தொழிலில் அதிகமாகச் சண்டை நடப்பது அம்புத் தாங்கியை வைத்துத்தான். வில்லின் கைப்பிடிக்குச் சற்று மேலே, விடும்வரை அம்பு படுத்திருக்கிற அந்தச் சின்னஞ்சிறு சாமான். ஒரு வில்லை ஐந்து நிமிடத்தில் தேர்ந்தெடுத்துவிட்டு, தாங்கிக்காக முழுச் சனிக்கிழமையையும் தின்கிறவர்கள் உண்டு. அதிலும் வேட்டை வில் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். இருந்தாலும் நாம் வேட்டை வில் விற்கிறோம். வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் காட்டுக்குள் நிறுத்தி வைத்த ரப்பர் மான்களை எய்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். ஒரு சிலர் வேறு நாட்டுக்குப் போய் உண்மையாகவே வேட்டையாடுவார்கள். அதனால்தான் வேட்டை வில் கேட்டு யார் வந்தாலும் எங்கே, எந்த மிருகம் என்று முதலாளி முதலில் கேட்கிறார். கேட்டுவிட்டுக் கை கொடுப்பார். கொடுத்த கையை உடனே விடமாட்டார். நான் சேர்ந்த புதிதில், இந்தச் சிவப்புத் தாடி வெள்ளைக்காரனுக்கு என்ன வருத்தம் என்று யோசித்திருக்கிறேன். என்னைவிட வயதில் இளையவர் வேறு. பிறகுதான் புரிந்தது, மனிசன் பிடியைப் பார்க்கிறார், விரலைப் பார்க்கிறார், நடுக்கத்தைப் பார்க்கிறார். சாமானைக் காட்டுவதற்கு முன் கையைப் பார் என்பார். நான் அவரிடம் கற்றது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கற்றது, அதில் எனக்கு அடக்கம் எதுவும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, இல்ஃபோர்ட் பக்கத்து முருகன் கோவில் ஒன்றின் தலைவர் வந்தார். பெற்றோல் நிலையம் நடத்துகிறவர், கையில் எப்போதும் போன் இருக்கும். கூடவே கோவிலின் பெரிய குருக்கள். வேட்டி, சால்வை, அதற்கு மேல் குளிருக்கு ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி, காலில் பளபளவென்று ஓட்டக்காரர்கள் போடுகிற சப்பாத்து.

"அக்கா, வேட்டை வில் ஒண்டு வேணும். இருக்கிறதுக்குள்ள நல்ல சாமானாக் காட்டுங்கோ" என்றார் தலைவர்.

முதலாளி வந்து எங்கே வேட்டை என்று கேட்டார். "கார் பார்க்கில" என்றார் தலைவர். எந்த மிருகம் என்று கேட்டார். அது இன்னும் முடிவாகவில்லை என்று பதில் வந்தது. யார் எய்யப்போகிறார் என்று முதலாளி மெல்லக் கேட்டார். தலைவர் போனைத் திறந்து, குதிரை வாகனத்தில் மாலையும் பட்டுமாக வீற்றிருக்கும் முருகனைக் காட்டினார்.

முதலாளி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் வலது கையா, இடது கையா?" என்று கேட்டார். இதுதான் தொழில் பக்தி, பிள்ளைகளே. நீங்களும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் அவருக்கு வேட்டைத் திருவிழாவை விளங்கப்படுத்தினேன். கொடியேறிய திருவிழாவில் ஒரு நாள் சுவாமி குதிரையேறி வேட்டைக்குப் போவார். லண்டனில் அவர் போவது கோவில் வாசலிலிருந்து கார் பார்க்கின் மறுகோடி வரைக்கும்தான், ஆனாலும் வேட்டை வேட்டைதான். சுவாமிக்குப் பதிலாகக் குருக்கள் ஓர் அம்பு விடுவார். அதோடு வேட்டை முடிந்தது, எல்லோரும் புளிச்சாதத்துக்கு வரிசையில் நிற்பார்கள். போன வருடம் அந்த ஓர் அம்பும் போகவில்லை. மூங்கில் வில்லிலிருந்து வழுக்கிக் குருக்களின் காலடியிலேயே விழுந்தது. எடுத்து வைத்தார், மறுபடி விழுந்தது. இன்னொரு தடவை எடுத்தார், அது சுவாமி தூக்குகிறவரின் பெருவிரலில் விழுந்தது. யாரோ அதை வீடியோ எடுத்து, பாட்டுச் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். எனக்கே நான்கு குழுவிலிருந்து வந்தது.

"இந்த முறையும் விழுந்தால், வாற வருசத்தில இருந்து தெற்கு லண்டன் மிட்சம் கோவில் சின்ன ஐயரைக் கூப்பிடுறதெண்டு கமிட்டியில முடிவெடுத்திருக்கு" என்றார் தலைவர். "அவர் ஜிம்முக்குப் போறவர். நல்ல உடம்பு."

இதைக் குருக்களை அருகில் வைத்துக்கொண்டே சொன்னார். குருக்கள் சுவரில் தொங்கிய வில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்ப்பதுபோல் நின்றார்.

தலைவருக்கு எது வேண்டும் என்பது முன்னமே முடிவாகியிருந்தது. போனில் எனக்கு ஒரு வீடியோவைக் காட்டினார். அது விழும் தாங்கி. நாணை இழுக்கும்போது ஒரு சின்னக் கை எழும்பி அம்பைத் தாங்கும், விட்டவுடன் அந்தக் கை பட்டென்று கீழே விழுந்து அம்புக்கு வழிவிடும். அருமையான சாமான்தான், உறுதியான கை உள்ளவருக்கு.

"விழக்கூடாது எண்டுதானே தம்பி வந்தனாங்கள்" என்றார் குருக்கள். "விழுறதுக்கெண்டே ஒண்டை வாங்குவானேன்?"

"சுவாமிக்கு வாங்கேக்கை திறமானதைத்தானே ஐயா வாங்க வேணும்."

அந்த நேரம் வெளியே பார்க்கிங் வார்டன் வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். தலைவர் ஓடினார். அந்த வார்டனுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். தலைவர் போனதும் குருக்கள் கையை மேசைமேல் வைத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வைத்தார். வலது கை சும்மா இருந்தது. இடது கை, வில்லைப் பிடிக்கிற கை, மேசைக்குமேல் தட்டித் தட்டி ஆடியது.

"மணி அடிக்கேக்கை ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை, மணி ஆடத்தானே வேணும்" என்றார். "தீபம் காட்டேக்கையும் தெரியாது. சாமரம் வீசேக்கையும் தெரியாது. இந்த வில்லுதான் என்னைக் காட்டிக் குடுக்குது. அந்தப் பொடியன் வந்து அம்பு விட்டால், பிறகு தேருக்கும் அவன்தான், சூரன்போருக்கும் அவன்தான். எனக்கு வீட்டில இருந்து என்ன செய்யிறதெண்டு தெரியாது."

 அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன், இந்த மனிசனின் அம்பு போகத்தான் வேண்டும் என்று. விலை, பெயர், வீடியோ எதுவும் எனக்குத் தேவையில்லை. நடுங்குகிற கைக்குத் தாங்கி ஒன்றுதான் உண்டு, வளையத் தாங்கி. சின்ன வட்டம், உள்ளே சுற்றிவரத் தூரிகை மயிர், நடுவில் ஒரு துளை. அம்பை அதற்குள் நுழைத்துவிட்டால் வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. கடையில் நாம் அதைப் பிஸ்கட் என்போம்.

"பிஸ்கட்டோ?" என்றார் குருக்கள். "முட்டை போடாததுதானே?"

இவர் சாதாரண ஆள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தவர், தூரிகையை விரலால் தடவினார். முகம் மாறியது. "உது என்ன மயிர் பிள்ளை? பண்டி மயிரெண்டால் கோவிலுக்குள்ள கொண்டுபோகேலாது."

பிளாஸ்டிக் என்று சொன்னேன். நம்பவில்லை என்று இல்லை, ஆனால் வளையத்தை மேசையில் வைத்துவிட்டார். அப்போது தலைவரும் திரும்பி வந்து, பன்றி மயிர் என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டுத் திடுக்கிட்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தால் கை முந்திவிடும். லைட்டரை எடுத்து, ஒரு மயிரை இழுத்து, அவர்கள் முன்னால் கொளுத்தினேன். உண்மை மயிர் என்றால் பொசுங்குகிற நாற்றம் வரும், பிளாஸ்டிக் என்றால் உருகும். உருகியது. ஆனால் ஒரு மயிரோடு நிற்கவில்லை. மற்றவையும் பற்றிக்கொண்டன.

புகை அலாரம் அடித்தது. எங்கள் கடை மட்டும் என்றால் பரவாயில்லை, பக்கத்து ஜிம்முக்கும் அதே அலாரம்தான். கட்டடம் முழுவதும் வெளியே வந்து மழைத்தூறலில் நின்றது. யோகா வகுப்புப் பெண்கள் பாயைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், கம்பளித் தொப்பியோடு குருக்கள் ஒரு பக்கம். ஒரு பெண் அவரை யோகா மாஸ்டர் என்று நினைத்துக் கும்பிட்டாள். அவரும் அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.  முதலாளி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். கடைக்குள் எதையும் கொளுத்தாதீர்கள் என்ற பலகை மேசைக்கு மேலே இருக்கிறதே, அது என்னால் வந்தது.

ஆனால் குருக்களுக்குத் திருப்தி. "பிளாஸ்டிக்தான். எனக்குப் புதுசு ஒண்டு தாங்கோ" என்றார்.

உள்ளே போனபிறகு குறி பார்க்க மிருகம் தேடினோம். மூங்கில் வில்லுக்கு வாழைக்குற்றி போதுமாக இருந்தது, இந்த வில்லுக்கு ரப்பர் மிருகம் வேண்டும் என்று தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். முதலாளி உற்சாகமாக மானைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மான் ஏலாது" என்றார் குருக்கள். "வள்ளியம்மன் மான் வயித்தில பிறந்தவ. சுவாமியை மாமியாருக்கு அம்பு விடச் சொல்லுறியளோ?"

காட்டுப்பன்றி வந்தது. வராக அவதாரம், திருமால் சுவாமிக்கு மாமன். கரடி வந்தது. அது சாம்பவான். புலி வந்தது. தம்பி ஐயப்பனின் வாகனம். வான்கோழி வந்தது. சேவற்கொடிக்குச் சொந்தம் என்று அதையும் தள்ளிவிட்டார். நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். முதலாளி வியர்த்துப்போய், இவருக்குப் பெரிய குடும்பம்போல என்றார். கடைசியில், சிறுவர் வகுப்புக்கு வைத்திருந்த பச்சை டைனோசரைக் கொண்டுவந்தார். ஆளுயரம், வாய் பிளந்தபடி.

"உதுக்கு ஆர் சொந்தம்?" என்றார் குருக்கள்.

"ஒருத்தரும் இல்லை ஐயா. எல்லாம் செத்துப்போச்சு" என்றேன்.

"அப்ப சரி. அசுரன் மாதிரித்தான் இருக்கு."

பிறகு இரண்டு வாரம் அவர் கடைக்குப் பின்னால் வில் பழகினார். அங்கேயும் ஒரு வில்லங்கம். பூணூல் இடது தோளில் கிடக்கிறது, நாண் வருவதும் அந்தப் பக்கம்தான். முதல் நாளே நாண் பூணூலைப் பிடித்து இழுத்தது. வலது தோளுக்கு மாற்றுங்கள் என்றேன், அது திதிக்குப் போடுகிற முறை என்றார். இடக்கை வில் தரட்டுமா என்றேன், சுவாமி காரியம் இடக்கையால் செய்வதில்லை என்றார். சால்வையை நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம், பிரச்சினை தீர்ந்தது. மெல்லிய வில், ரப்பர் முனை அம்பு, வளையத் தாங்கி. கை ஆடினாலும் அம்பு ஆடியபடியே போய் டைனோசரில் பட்டது. ஒரு தடவையும் விழவில்லை. கடைசி நாள் அவர் எனக்குத் தன் கையால் ஒரு கற்கண்டு தந்தார்.

வில்லைத் தலைவரிடம் கொடுக்கும்போது நான் எல்லாம் சொன்னேன். வெயிலில் வைக்காதீர்கள், நாணை அம்பில்லாமல் இழுத்து விடாதீர்கள். சொல்லாதது ஒன்று உண்டு. நம்முடைய ஆட்களுக்கு அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், அது என் மூளைக்கு வரவில்லை.

திருவிழா அன்று கோடைகாலத்து மாலை, வெளிச்சம் மங்கவே இல்லை, இடைக்கிடை தூறல். கார் பார்க் முழுவதும் சனம். வேட்டிக்குமேல் மஞ்சள் ஒளிரும் ஜாக்கெட் போட்ட தொண்டர்கள் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கோடியில் வலைக்கு முன்னால் டைனோசர், கழுத்தில் மாலை இல்லை, அவ்வளவுதான் குறை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தம்பதி மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியும் வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நனைந்த காலுறையோடு, நெற்றியில் சந்தனப் பொட்டு, கையில் வடைத் தட்டு. மிட்சம் சின்ன ஐயரும் உதவிக்கு வந்து குருக்களுக்குப் பக்கத்தில் நின்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், நல்ல உடம்புதான்.

சுவாமி குதிரையில் வந்து நின்றார். நாதசுரம் நின்றது. தலைவர் வெள்ளித் தட்டில் பட்டால் மூடிய வில்லைக் கொண்டுவந்து, பட்டை எடுத்தார்.

 வில்லின் இரண்டு முனையிலும் திருஷ்டிக்குக் குத்திய தேசிக்காய், நாணில் மல்லிகைச் சரம், உடம்பெல்லாம் குங்குமம். அதையெல்லாம் மன்னிக்கலாம். என் வளையத் தாங்கி, அந்தத் தூரிகை முழுவதும், ஓட்டை தெரியாமல் சந்தனத்தால் அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. புதுக் கார் வாங்கினாலும், புது அடுப்பு வாங்கினாலும் பொட்டு வைக்கிற இனம் நாம். கண்ணுக்கு முன்னால் வட்டமாக ஒன்று இருந்தால் விடுவோமா?

"காலமை பூசையில வைச்சனாங்கள் அக்கா" என்றார் தலைவர் பெருமையாக. "இந்த வட்டம் பொட்டு வைக்கவெண்டே செய்த மாதிரி எல்லோ இருந்தது."

காலையில் அப்பிய சந்தனம் சீமெந்துபோல் காய்ந்திருந்தது. குருக்கள் அம்பை நுழைக்கப் பார்த்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார், நடுங்குகிற கையால் சுரண்டவும் முடியவில்லை. சனத்தில் போன்கள் எழும்பத் தொடங்கின. போன வருடம் பார்த்த வீடியோவின் இரண்டாம் பாகம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் ஆசை.

தலைவர் மெல்லக் குனிந்தார். "ஐயா, தம்பி ஐயரிட்டைக் குடுப்பமே? அவர் தாங்கி இல்லாமலே விடுவார்."

சின்ன ஐயர் கையை நீட்டவில்லை, அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஓர் அடி முன்னால் வந்தார். குருக்கள் என்னைத் தேடிச் சனத்துக்குள் பார்த்தார். நான் கயிற்றுக்குக் கீழே சேலையோடு குனிந்து உள்ளே போனேன். தொண்டர் ஒருவர் தடுத்தார். நான் கடைக்காரி, தள்ளு என்றேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். சாமான் பழுதானால் முதலில் சாமானைத்தான் பார்ப்போம். நானும் பார்த்தேன். கழுவினால் ஊற நேரம் வேண்டும். சுவாமியைத் தோளில் வைத்திருக்கிறவர்கள் ஏற்கெனவே முனகுகிறார்கள். தூரிகையை வெட்டினால் வெறும் ஓட்டை, அம்பு அதற்குள் கடகடவென்று ஆடி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தாங்கியைக் கழற்றிவிட்டால் மூங்கில் வில் கதைதான். பத்துத் தரம் அந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன், திருப்பினால் என்ன, சந்தனம் சந்தனமாகவே இருந்தது. நாதசுரக்காரர் பொறுக்க முடியாமல் திரும்பவும் ஊதத் தொடங்கினார். எனக்கு அழுகையும் வந்தது, தலைவரைக் கிள்ள வேண்டும்போலவும் இருந்தது.

அப்போதுதான் முதலாளியைப் பார்த்தேன். அவர் வில்லைப் பார்க்கவில்லை. வடையை மென்றுகொண்டே குருக்களின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். மோதிர விரலில் பவித்திரம். கோவில் காரியம் செய்யும்போது ஐயர்மார் தர்ப்பைப் புல்லை முறுக்கி முடிந்து போடுகிற மோதிரம். புல்லால் செய்த வளையம். வளையம்.

"ஐயா" என்றேன். "உந்தப் பவித்திரம் மாதிரிக் கொஞ்சம் பெரிசா ஒண்டு முடிஞ்சு தருவியளோ? ஒரு அம்பு நுழையிற அளவுக்கு?"

குருக்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அந்த வளையத் தாங்கியைப் பார்த்தார். "பிஸ்கட்" என்றார், அவ்வளவுதான். தர்ப்பைக் கட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு பிடி எடுத்து முடியத் தொடங்கினார். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. முடிச்சு நடுங்கவில்லை.

முதலாளியிடம் கையை நீட்டினேன். அவர் வடைத் தட்டை வெள்ளைக்காரத் தம்பதியிடம் கொடுத்துவிட்டு, சாவிக்கொத்தில் கிடந்த, திருகாணி கழற்றுகிற அறுகோணச் சாவியைக் கழற்றித் தந்தார். அந்தச் சாவி இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள், கலியாண வீட்டுக்கும் சரி, செத்த வீட்டுக்கும் சரி. சந்தனத் தாங்கியைக் கழற்றினேன். அந்த இடத்தில் தர்ப்பை வளையத்தை வைத்து, கும்பத்தில் சுற்றியிருந்த நூலில் மிச்சம் வாங்கி, வில்லோடு சேர்த்து வரிந்து கட்டினேன். அம்பு உள்ளே போனது. வில்லைச் சரித்துப் பார்த்தேன், விழவில்லை. அம்பின் வாலில் இருந்தது உண்மை இறகு, பிளாஸ்டிக் இல்லை. புல்லை ஒதுக்கிக்கொண்டு போய்விடும் என்று நம்பினேன். தெரியும் என்று சொல்லவில்லை, நம்பினேன். அது வான்கோழி இறகு என்பதைக் குருக்களிடம் இன்றுவரை சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

"இது கோவில் முறைப்படி சரியோ ஐயா?" என்று தலைவர் பயந்துபோய்க் கேட்டார்.

"சந்தனத்தைவிட இது சுத்தம்" என்றார் குருக்கள். சால்வையை இறுக்கிக் கட்டினார். வில்லைத் தூக்கினார்.

வில் ஆடியது. அந்தக் கார் பார்க்கில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. இழுக்க இழுக்க இன்னும் அதிகமாக ஆடியது. அம்பும் அந்தப் புல் வளையத்துக்குள் மேலும் கீழும் குதித்தது, ஆனால் விழுவதற்கு அதற்கு இடம் இருக்கவில்லை.  நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். குருக்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு கிழமை பழக்கினேன், கண்ணைத் திறந்து வையுங்கள் என்று நூறு தரம் சொன்னேன், ஒன்றும் ஏறவில்லை. விட்டார்.

தர்ப்பை தெறித்துப் பறந்தது. அம்பு நேராகப் போய் டைனோசரின் கழுத்தில் மொத்தென்று பட்டது. அது கொஞ்ச நேரம் யோசித்து, முன்னும் பின்னும் ஆடி, வாயைப் பிளந்தபடியே மல்லாக்க விழுந்தது. அரோகரா என்று சனம் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கார்களின் அலாரம் எல்லாம் சேர்ந்து அடித்தது. சுவாமி தூக்குகிறவர்கள் குதிரையை ஆட்டினார்கள். வெள்ளைக்காரத் தம்பதி எழும்பி நின்று, முதலாளியின் வடையோடு கை தட்டினார்கள். தலைவர் அழுதார். அவர் கோவிலை மனதார நேசிக்கிறவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தனத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

ஆகவே பிள்ளைகளே, இனி நம் ஆட்கள் யார் வந்து எந்தத் தாங்கி வாங்கினாலும், எங்கே, எந்த மிருகம் என்று கேட்டபிறகு, பூசை போடுவீர்களா என்றும் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். அவர்களின் கையையும் பாருங்கள், நான் பார்க்க மறந்த அந்த மோதிர விரலையும் சேர்த்து.

அன்றைக்குக் கார் பார்க்கில், குருக்கள் அம்பு விட்ட பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. இவ்வளவு சத்தத்துக்கும் நடுவில், வில்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"பிள்ளை, விழுந்ததோ?"

"அம்பு விழேல்லை ஐயா" என்றேன். "டைனோசர்தான் விழுந்தது."

மெல்லக் கண்ணைத் திறந்தார். கார் பார்க்கின் கோடியில் கால்கள் மேலே தெரியக் கிடந்த அந்தப் பச்சை அசுரனை ஆசை தீரப் பார்த்தார். பிறகு மிட்சம் சின்ன ஐயரின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நல்ல உடம்புதானே உமக்கு. உதைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளுக்கை கவனமா வையும். வாற வருசம் எனக்குத் தேவைப்படும்."